ட்யூனருக்கு முன் ஆன்டெனா

கேள்வி: என்னிடம் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அவற்றோடு இணைக்க, 1970களில் வந்த வெள்ளி முகப்பு எஃப்.எம். ட்யூனர் (ஸ்பீக்கர் இல்லாமல் நிலையத்தைப் பிடித்துத் தரும் ரேடியோப் பெட்டி) ஒன்று வாங்க ஆசை. "கைப்பேசியிலேயே கேட்கலாமே, எதற்கு இந்தப் பழைய பெட்டி?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கேலிக்குப் பிறகு வருகிறேன். முதலில், உங்கள் ஊரில் கேட்கத் தகுந்த நிலையங்கள் உண்டா என்று சின்ன ரேடியோ ஒன்றில் தேடிப் பாருங்கள். நார்வே 2017-இல் தேசிய ஒலிபரப்புகளை எஃப்.எம்.மிலிருந்து எடுத்தே விட்டது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு நல்ல ட்யூனரும் அலமாரி அலங்காரம்தான்.

அந்த அலங்காரம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. "விளக்கு எரிகிறது, நன்றாக வேலை செய்கிறது" என்றார் விற்றவர். பொய்யில்லை, எரிந்தது. வீட்டுக்கு வந்து டயலைப் பார்த்தால் எண்கள் 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிட்டன! ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்த பெட்டி. அதற்கு வேண்டிய மின்சாரமும் 100 வோல்ட். உலகின் பெரும்பகுதியில் எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆகவே டயலின் எண்களையும் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் படித்த பிறகே விலை பேசுங்கள்.

அடுத்து, ஒரு நிலையத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முகப்பில் இரண்டு மீட்டர்கள் உள்ள ட்யூனராக இருந்தால், நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் மீட்டரின் முள் நடுவில் நிற்கும்போது, அலையின் வலுவைக் காட்டும் மற்றதன் முள் உச்சத்தில் இருக்க வேண்டும். ஒலியும் தெளிவாக இருக்க வேண்டும். நடுவில் நின்றும் 'ஸ' ஒலிகள் கரகரத்தால், உள்ளே சுருள்களின் இசைவு விலகியிருக்கலாம். அதைக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்தான் சரிசெய்ய முடியும். மூடியைத் திறந்து சுருள்களின் திருகுகளை நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். பல நல்ல பெட்டிகள் அப்படித்தான் கெட்டன.

மாடல் பெயர்களைத் துரத்துவதைவிட ஆன்டெனாவுக்கு மெனக்கெடுங்கள். மாரன்ட்ஸ் 10பி என்ற புகழ்பெற்ற வால்வு ட்யூனரின் முகப்பிலேயே ஒரு குட்டி ஆஸிலாஸ்கோப் (மின் அலைகளைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) திரை உண்டு. கட்டடங்களில் மோதித் திரும்பும் அலைகள் எவ்வளவு கலக்கின்றன என்று அதில் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பலாம். அத்தனை உயர்ந்த பெட்டிக்கே அந்தக் கவலை! உங்களுக்கு எளிய டைபோல் போதும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் பாதி, அதாவது பக்கத்துக்கு 75 சென்டிமீட்டராக இரண்டு கம்பிகள். படுக்கைவாட்டில், கூடியவரை உயரத்தில், கம்பியின் முனை அல்ல, நீளப்பக்கம் நிலையத்தை நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். பெட்டியில் 300 ஓம் திருகுகள் மட்டும் இருந்து, உங்கள் கேபிள் 75 ஓம் என்றால் நடுவில் இரண்டையும் பொருத்தும் பேலன் என்ற சிறு இணைப்பி தேவை.

அப்படியும் தொலைதூர நிலையம் இரைந்தால் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஸ்டீரியோ போய்விடும், இரைச்சலும் பெருமளவு அடங்கும். பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்டீரியோ எதற்கு?

இனி வீட்டுக் கேலி. அந்தக் காலத்து நல்ல ட்யூனர்களில் குமிழுக்குப் பின்னால் கனமான சக்கரம் ஒன்று இருக்கும். சுண்டிவிட்டுக் கையை எடுத்தால், முள் தானாக வழுக்கிக்கொண்டு நாலைந்து நிலையங்களைத் தாண்டிப் போய் நிற்கும். கேலி செய்பவரையே ஒருமுறை சுண்டச் சொல்லுங்கள்.