குகைக்குள் போய் ஏன் வரைந்தார்கள்?

கேள்வி: வேட்டை நன்றாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் ஆதிமனிதர்கள் குகைகளில் மிருகங்களை வரைந்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். அது உண்மையா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: அப்படித்தான் ரொம்ப காலம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆன்ரி ப்ரெய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தூக்கிப்பிடித்த 'வேட்டை மந்திரம்' கருத்து அது. ஆனால் பிரான்சின் லாஸ்கோ குகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே புழங்கியவர்கள் தின்றுபோட்ட எலும்புகளில் பெரும்பாலானவை ரெய்ண்டீர் மானுடையவை, சுவரிலோ ரெய்ண்டீர் என்று சொல்ல ஒரே ஒரு கீறல் உருவம்தான் தேறுகிறது, மற்றபடி எங்கே பார்த்தாலும் குதிரை, காட்டு மாடு, கொம்பு வளைந்த மான். இரைக்காக வரைந்திருந்தால் தினம் தின்ற மிருகத்தை விட்டுவிடுவார்களா? அதே பிரான்சில் 1994இல் கண்டுபிடித்த ஷோவே குகை இன்னும் மோசம், அங்கே சிங்கமும் காண்டாமிருகமும் கரடியும்தான் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: சரி, சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்திருக்கக் கூடாதா?

பதில்: வரைந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு மெனக்கெட்டா? வெயில் படாத உள்பகுதிக்கு, கல்லைக் குடைந்த விளக்கில் மிருகக் கொழுப்பை ஊற்றி எரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். செங்காவிக்கல்லும் கருப்பு மாங்கனீசும் அரைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். கை எட்டாத உயரத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள், மரம் சொருகிய குழிகள் லாஸ்கோ சுவரில் இன்றும் இருக்கின்றன. அங்கே ஒரு காளை மட்டுமே 5 மீட்டருக்கு மேல் நீளம். இதை ஒருத்தர் தனியாகச் செய்திருக்க வாய்ப்பில்லை, விளக்கைப் பிடிக்கவே ஒரு ஆள் வேண்டும். ஏதோ சடங்கு, அல்லது குலத்துக் கதை, அல்லது இளசுகளுக்குப் பாடம் என்று எனக்குப் படுகிறது. பூசாரிகள் மயக்கநிலையில் கண்ட காட்சிகள் என்று ழான் க்ளோத், டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் எழுதினார்கள். சில உருவங்களுக்கு அது பொருந்தும், எல்லாவற்றையும் அதற்குள் திணிக்க முடியாது. பல்லாயிரம் ஆண்டு, பல கண்டம், அதற்கெல்லாம் ஒரே காரணம் தேடுவதே தப்பு என்பேன்.

கேள்வி: அப்போது குழந்தைகளும் வரைந்தார்களா?

பதில்: பிரான்சின் ரூஃபின்யாக் குகையில் ஈரக்களிமண் மேல் விரலால் இழுத்த கோடுகளில் சின்னப் பிள்ளைகளின் விரல்களும் உண்டு. சில கூரையில் இருக்கின்றன, யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இதில் எந்த மந்திரத்தைத் தேடுவது? பிள்ளை கேட்டது, தூக்கினார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: இவற்றை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: அசல் லாஸ்கோவை 1963இலேயே மூடிவிட்டார்கள், கூட்டத்தின் மூச்சுக்காற்றில் சுவரில் பாசி பிடித்தது. பக்கத்தில் கட்டிய நகல் குகையைத்தான் பார்க்கலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் போபால் பக்கம் பீம்பேட்காவுக்குப் போங்கள், 2003 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். அங்கே படங்கள் இருட்டுக்குள் இல்லை, ஆட்கள் தங்கிய பாறை நிழலிலேயே இருக்கின்றன, மனிதர்கள் ஆடுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள். இருட்டுக்குள் மெனக்கெட்டுப் போனதை வைத்து லாஸ்கோவுக்குச் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் பாறை கொதிக்கும்.