புற்றுநோய் உடலுக்குள் எப்படி உருவாகிறது? வலியே இல்லாமல் வளருமா?

வளரும். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் வளர்ந்தது. அதனால் அவருக்கு வந்த வாய்ப்புற்றை வைத்தே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. அவரோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோது கேட்டதும், அப்புறம் தேடிப் படித்ததும்தான் இது.

பெரியப்பா சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, ஒரு கிள்ளு புகையிலையும் சேர்த்து மென்று, இடது கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். முப்பது வருடப் பழக்கம். ஒதுக்குகிற அதே இடத்தில், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. துடைத்தாலும் போகவில்லை, வலிக்கவும் இல்லை. பெரியம்மா கேட்டதற்கு, "சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கு, விடு" என்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருடம் அப்படியே இருந்தது.

நம் வாயின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். அடியில் உள்ள செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். பிரியும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருட்கள் டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதால், படியெடுக்கும்போது பிழைகள் விழும். பெரும்பாலானவற்றைச் செல்லே சரிசெய்துவிடும். சரியாகாத செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தவும், தேவைப்பட்டால் சாகவைக்கவும் பி53 என்ற புரதம் இருக்கிறது (1979-ல் கண்டுபிடித்தார்கள்). ஒரு பிழையால் புற்று வந்துவிடாது. வருடக்கணக்கில் பிழைமேல் பிழை சேர்ந்து, பி53-க்கான மரபணுவும் கெட்டுப்போனால், அந்தச் செல்லைக் கேட்பாரில்லை.

அப்போதும்கூட, கெட்ட செல்கள் உள்தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய சவ்வுக்கு மேலேயே கிடக்கும். அந்தக் கட்டத்தில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். சவ்வைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போதுதான் அது முழுப் புற்றாகிறது. கீழே ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய் (திசுக்களில் கசியும் நீரை வடித்து எடுத்துப்போகும் மெல்லிய குழாய்), நரம்பு எல்லாம் இருக்கின்றன. கட்டி தன் தீனிக்காகப் புது ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் வளரவைத்துக்கொள்ளும்.

பெரியப்பாவுக்குத் திட்டு புண்ணானது அதன் பிறகுதான். ரசம் சாதம் எரிந்தது. இடது காது வலிக்கிறது என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கும் காதுக்கும் நரம்பு ஒன்றுதான் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, தொட்டால் கல் மாதிரி. புற்று நிணநீர் வழியாகக் கழுத்துக்குப் போய்விட்டிருந்தது.

சாப்பிட முடியாததால்தான் இளைக்கிறார் என்று நினைத்தோம். மூக்கில் குழாய் போட்டுப் பாலும் கஞ்சியும் கொடுத்தோம், எடை ஏறவில்லை. கட்டியும் அதோடு போராடும் நோய் எதிர்ப்புச் செல்களும் சுரக்கும் பொருட்கள் பசியை அடக்கி, தசையையே கரைத்துவிடுகின்றன. கையைத் தூக்கினால் அவருடைய கைக்கடிகாரம் முழங்கை வரை இறங்கும். ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, அதன் பின் பதினான்கு மாதம் இருந்தார்.

உங்கள் வீட்டில் யாராவது புகையிலை, பாக்கு போடுபவர்கள் இருந்தால், வெயில் வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டியவை. முதலில் பல் டாக்டரிடம் போனாலே போதும்.

பெரியம்மாவையும் அப்படித்தான் கூட்டிப்போனோம். "நான் வெறும் பாக்குதானே போடுறேன்" என்றார். புகையிலை சேராத பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. வாயில் மூன்று விரல்களை நெட்டாக நுழைக்கச் சொன்னார் டாக்டர். பெரியம்மாவுக்கு இரண்டுதான் நுழைந்தது. பாக்கு உள்தோலுக்கு அடியில் நார்போல் இறுகவைத்திருந்தது. புற்று இல்லை. அன்றைக்கே பாக்கை நிறுத்தினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டி வருகிறோம்.