ஓடாமல் நின்ற வண்டியும் செலவு வைக்கும்

கேள்வி: நெடுந்தூரப் பயணத்துக்காகப் பழைய ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்க மூன்று வருடமாகச் சேமித்தேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 12 வருடப் பழைய ஹோண்டா விஎஃப்ஆர்800, 16,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பெரும்பாலும் ஷெட்டில் நின்ற வண்டி. மற்றது 9 வருடப் பழைய யமஹா எஃப்ஜேஆர்1300, 52,000 கி.மீ., சர்வீஸ் பில் எல்லாம் இருக்கிறதாம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. என் சேமிப்பு அதற்கே சரியாகப் போய்விடும். குறைவாக ஓடியதை எடுக்கலாமா? 12 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று வருடக் கடனும் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: முதலில் சேமிப்பு. கையில் 100 இருந்தால் வண்டி விலை 80-ஐத் தாண்டக்கூடாது. மிச்சம் 20 பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் முதல் வருடச் செலவுக்கும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான அவசரப் பணத்தை இந்த 100-க்குள் கொண்டுவராதீர்கள்.

அந்த 12 வயது வண்டிக்கு 9 வயது வண்டியின் விலை கேட்க ஒரே காரணம், மீட்டரில் உள்ள சின்ன எண். ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயது ஏற வண்டி ஓட வேண்டியதில்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1917 என்றால் 2017-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம் செய்தது. பட்டன் புதிதுபோல இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த வண்டியில் கிளட்சும் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது என்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆயில் டீ நிறத்துக்கு வந்திருந்தால் நெடுநாளாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம். டயர் ஜோடி, பேட்டரி, ஃபோர்க் சீல் (முன் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்), கூலன்ட், செயின் செட் எல்லாம் முதல் வருடத்திலேயே உங்கள் தலையில் விழலாம். 25,000 கி.மீ.-ஐ ஒட்டி, இன்ஜினுக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகளின் இடைவெளி பார்க்க வேண்டும். வேகத்துக்கு ஏற்ப இயங்கும் வால்வுகளின் எண்ணிக்கை மாறும் விடெக் இன்ஜின் என்பதால் அந்த வேலை கொஞ்சம் சிக்கலானது.

வால்வு வேலையில் பாகத்தின் விலை அற்பம், கூலிதான் பெரிது. பக்கப் பேனல்கள், டேங்க் எல்லாம் கழற்றினால்தான் இன்ஜின் தலையே கண்ணுக்குத் தெரியும். எஃப்ஜேஆருக்கு இந்தச் சோதனை 40,000 கி.மீ.-ஐ ஒட்டி வருகிறது. 52,000 ஓடிய வண்டிக்கு அது முடிந்திருக்க வேண்டும். 'எல்லா பில்லும் இருக்கிறது' என்று நீட்டும் கட்டில் முக்கால்வாசி இன்ஜின் ஆயில் மாற்றிய பில்தான் இருக்கும். வால்வு பில்லைத் தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பட்டறையில் கூலி விசாரித்து, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இது ஷாஃப்ட் வண்டி, செயினுக்குப் பதில் சுழலும் தண்டுதான் பின்சக்கரத்தை ஓட்டும், செயின் செலவே கிடையாது. பின்சக்கர மையத்தருகே ஆயில் கசிவு இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள்.

எந்த வண்டியானாலும், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நன்றாகச் சூடான பிறகு 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டர் வையுங்கள், 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். குறைந்தால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அல்லது மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் மீது சந்தேகம். பழைய விஎஃப்ஆர்களில் இது பலரும் அறிந்த பலவீனம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் தட்டி நின்றால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. சைடு பெட்டிகளும் சாவிகளும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காணாமல் போன பெட்டியைத் தனியாக வாங்கும்போதுதான் அதன் விலை உறைக்கும்.

கடனுக்கு வருவோம். 12 சதவீத ஃபிளாட் என்றால் 100-க்கு மூன்று வருட வட்டி 36. மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 100-க்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவை முறையில் அதே 12 சதவீதத்துக்கு வட்டி 20-க்குள் முடியும். உங்களுக்குச் சொன்ன ஃபிளாட் கணக்கை இந்த முறைக்கு மாற்றினால் 21 சதவீதத்தை ஒட்டி வரும். பொழுதுபோக்கு வண்டிக்கு இந்த வட்டி வேண்டாம். இன்னும் ஆறு மாதம் சேமியுங்கள்.

வால்வு பில் கையில் கிடைத்தால் நான் எஃப்ஜேஆர் பக்கம். விஎஃப்ஆர்தான் மனதில் நிற்கிறது என்றால், மேலே சொன்ன பட்டியலுக்கு விலை போட்டு மொத்தத்தையும் கழித்துக் கேளுங்கள். இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகிறதா, வண்டி மேல் பழைய கடன் நிலுவை உண்டா என்று சரிபார்த்துவிடுங்கள். காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்பதையும் அன்றே கேட்டு வாங்குங்கள். 1,298 சிசி வண்டிக்கு அது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.