விடுதலை ஆனாலும் வேலை இல்லையா?

கேள்வி: மானேசர் மாருதி ஆலைக் கலவர வழக்கில் 117 தொழிலாளர்களை கோர்ட் விடுவித்ததே, அவர்களை மறுபடி வேலைக்கு எடுத்தாக வேண்டாமா? (ஒரகடம் வாசகர்)

பதில்: சட்டப்படி அந்தக் கட்டாயம் இல்லை. ஹரியானாவிலுள்ள அந்த ஆலையில் 2012 ஜூலை 18 அன்று மூண்ட மோதலில் மனிதவளப் பிரிவு பொது மேலாளர் அவனீஷ் குமார் தேவ் தீயில் சிக்கி இறந்தார். நிர்வாகம் ஒரு மாதம் கதவடைத்தது. 546 நிரந்தரத் தொழிலாளர்களை உள்விசாரணை இல்லாமலே நீக்கியது. 2017 மார்ச்சில் குருகிராம் செஷன்ஸ் கோர்ட் 31 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஆயுள் தண்டனை.

மற்ற 117 பேருக்கு எதிரான சாட்சியம் எப்படி இருந்தது தெரியுமா? ஒப்பந்ததாரர்கள் தரப்பு சாட்சிகள் ஆளுக்கொரு பங்காக, ஆங்கில அகரவரிசைப்படி பெயர்களை அடுக்கியிருந்தார்கள். கலவரத்தில் யாரும் அகரவரிசையில் ஓடுவதில்லை. அது உடைபடுவதற்குள் பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஜாமீன் இல்லாமல் சிறையில் கழித்துவிட்டார்கள்.

வேலை வழக்கு இதிலிருந்து தனி. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் வழக்கில் 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவு சான்று போதும். உள்விசாரணையைத் தவிர்த்த நிர்வாகம்கூட, குற்றச்சாட்டை அங்கே புதிதாக நிரூபிக்க வாய்ப்புக் கேட்கலாம்.

கேள்வி: அப்படியானால் நீக்கப்பட்டவர் என்ன செய்வது?

பதில்: கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தப்பு. நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் கோர்ட்டுக்கு நேரடியாகப் போக முன்பு மூன்று ஆண்டுகள் இருந்தன. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, தகராறைப் பேசித் தீர்க்கும் அரசின் சமரச அதிகாரி இரண்டு ஆண்டுகள் தாண்டினால் அதை விசாரிக்க முடியாது. நீக்க உத்தரவு, சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்), அதற்குத் தந்த பதில், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். சம்பவ நேரத்தில் எந்த ஷிப்ட், எந்த லைன் என்பதற்கு வருகைப் பதிவேட்டை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன் என்றால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியம். அதன்பின், தாமதம் உங்களால் இல்லையென்றால், 75 சதவீதம்.

கேள்வி: பி.எஃப்., கிராஜுவிட்டி?

பதில்: பி.எஃப்.பில் சேர்ந்த பணத்தைக் கம்பெனி தொட முடியாது. கிராஜுவிட்டி அப்படியல்ல. கலகம், வன்முறை என்று காரணம் காட்டி வேலை நீக்கினால் முழுவதுமோ ஒரு பகுதியோ பறிக்கலாம்; அதற்கு கிரிமினல் தண்டனைகூடத் தேவையில்லை. ஆகவே நீக்க உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.