பயிற்சி முடிந்தது, இனி அறவியல் படிக்கலாமா?

தம்பி, இரண்டாம் நிலைக் காவலர் பயிற்சி முடித்து ஆயுதப்படையில் இருக்கிறீர்கள், பொது அறவியல், அதாவது அரசுப் பணியில் எது சரி எது தவறு என்று ஆராயும் படிப்பு, படிக்க ஆசை, வேலையோடு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். ஆனால் முதலில் துறையின் அனுமதி. சேர்ந்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து மெமோ வாங்கியவன்.

அறவியல் என்ற பெயரிலேயே பட்டம் தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பொது நிர்வாகம் எம்.ஏ. சேரலாம்; குறைந்தது இரண்டு வருடம், நான்கு வருடம் வரை இழுக்கலாம். பந்தோபஸ்து நாளும் தேர்வு நாளும் எப்படியும் மோதும், அந்த அவகாசம் உதவும்.

கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதி வகுத்த டி.கே. பாசு வழக்கைப் பயிற்சியில் ஒப்பித்திருப்பீர்கள். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, சட்டையில் பெயர்ப்பட்டை. சரி. ராத்திரி இரண்டு மணிக்கு, கூட நிற்கும் ஏட்டையா லத்தியை எடுக்கிறார். நீங்கள் அவரைவிட 20 வருடம் இளையவர். “வேண்டாம் ஏட்டையா” என்று சொல்வீர்களா? விதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது, வாய்தான் வராது. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தை, மகன் மரணத்துக்குப் பிறகு துணிந்து சாட்சி சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். வகுப்பில் கான்ட், பெந்தாம் என்று அறவியல் தத்துவவாதிகளைப் பற்றி ஆரம்பித்தால், இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம், குடிமைப்பணித் தேர்வு எண்ணம் இருந்தால், முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கே 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. இந்தப் படிப்பு வீண்போகாது.

அனுமதி மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் காகிதம் தொலைவது சகஜம்.