அப்பாவுக்குப் பிடித்ததனால்தான் பிடிக்கிறதா?

கேள்வி: என் அப்பா 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வந்து, இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர். காரில் எந்நேரமும் ராக் பாடகர் நீல் யங்கின் பாட்டுதான். சின்ன வயதில், "இந்த ஆள் ஏன் அப்பா அழுதுகொண்டே இருக்கிறார்?" என்று கேட்டு எரிந்து விழுவேன். முப்பத்தைந்து வயதில் இப்போது நானே தேடித் தேடிக் கேட்கிறேன். இதெல்லாம் அப்பா மேல் இருக்கும் பாசம், பாட்டில் ஒன்றும் இல்லை என்கிறாள் மனைவி. அப்படித்தானா?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இல்லை. பாசம் என்பது சரி, பாட்டில் ஒன்றும் இல்லை என்பது தப்பு. வீட்டில் யாரோ பாடியோ போட்டோ காதில் விழாமல் யாருக்கு எந்தப் பாட்டு பிடித்திருக்கிறது? தகப்பனார் வாசித்த நாகசுரத்தில் மகன் சொக்கிப்போனால் அதை ரசனை என்கிறோம். டாக்ஸியில் ஓடிய கேசட்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சந்தேகம்?

சின்ன வயதில் அழுகையாகக் கேட்டதில் வியப்பில்லை. நீல் யங்குக்கு மெலிந்த குரல், மேலே போனால் நடுங்கும், அதை அவர் மறைப்பதும் இல்லை. கூட கிதார் வாசித்த டேனி விட்டன், கச்சேரிக் கருவிகளைப் பார்த்துக்கொண்ட புரூஸ் பெர்ரி, இரண்டு பேருமே போதைப் பழக்கத்தால் செத்துப்போனபின், பெரும்பகுதியை 1973-ல் பதிவு செய்து 1975-ல் வெளியிட்ட 'டுநைட்ஸ் த நைட்' தொகுப்பைக் கேளுங்கள், குரல் உடைகிறது, சுருதி விலகுகிறது, அப்படியே விட்டிருக்கிறார். ஒப்பாரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, உங்கள் அப்பாவுக்கு அது கேட்டவுடனே புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் 'ஓல்ட் மேன்' (பெரியவர்) என்ற பாட்டு. நீல் யங் 1970-ல், இருபத்து நாலு வயதில், வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு பண்ணை வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த லூயி அவிலா என்ற பெரியவர் ஜீப்பில் ஏற்றிச் சுற்றிக் காட்டும்போது, இந்த வயதில் இதை வாங்க உனக்குப் பணம் எப்படி வந்தது என்று கேட்டாராம். அதிர்ஷ்டம்தான் என்றாராம் இவர். நானும் உங்களைப் போலத்தான் இருக்கிறேன் என்று அந்தப் பெரியவரிடம் ஒரு பையன் சொல்வதுதான் பாட்டு. 1972-ல் வந்த 'ஹார்வெஸ்ட்' தொகுப்பில் இருக்கிறது. அதில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். சரணத்தில் ஒற்றைக் குரலாகப் போகும் பாட்டு, பல்லவியில் டெய்லரும் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டும் சேர்ந்துகொண்டதும் எப்படி அகலமாகிறது என்று கவனியுங்கள். பன்னிரண்டு வயதில் உங்களுக்கு அந்தப் பாட்டில் இடமே இல்லை. இப்போது பாடுகிறவனின் வயதையும் தாண்டிவிட்டீர்கள், அப்பா அந்தப் பெரியவரின் இடத்துக்கு வந்துவிட்டார், அப்புறம் எப்படிப் பிடிக்காமல் போகும்?

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறு. மனைவியிடம் பேசியிருக்கிறீர்கள், என்னிடம் கேட்கிறீர்கள், அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. 1970 மே 4 அன்று ஓஹியோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது தேசியக் காவல் படையினர் சுட்டதில் நாலு மாணவர்கள் செத்தார்கள். சில வாரங்களிலேயே அதைப் பற்றி நீல் யங் எழுதிய 'ஓஹியோ' வெளிவந்துவிட்டது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த ஒரு மனிதர், ராத்திரி இரண்டு மணிக்கு சவாரி இல்லாமல் காரில் தனியாக உட்கார்ந்து, சிப்பாய்கள் மாணவர்களைச் சுட்டதைப் பற்றிய அந்தப் பாட்டைக் கேட்டால் அவருக்குள் என்ன ஓடியிருக்கும்? முதலில் எந்தப் பாட்டைக் கேட்டார், அந்தக் கேசட்டை யார் கொடுத்தது? கேளுங்கள். என் அப்பாவிடம் இப்படி ஒன்றுமே நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இப்போது அவர் இல்லை.

நீல் யங் பிறந்தது உங்கள் டொராண்டோவில்தான். சின்ன வயதில் இருந்த ஒமீமி என்ற ஊருக்கு ஸ்கார்பரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 1951-ல், ஐந்து வயதில், போலியோ வந்து படுத்தது அங்கே இருந்தபோதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், பாட்டை அவர் போடட்டும்.