யார் முதலில் வந்தது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கிழக்குக் கரையில் தமிழ் பேசி வாழும் பழங்குடியான கரையோர வேடர் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். அதில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் எச்சில் அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறா. பதில் கிட்டத்தட்ட முழுவதும் ‘தென்னிந்தியா, இலங்கை’ என்று வந்தது. அதைக் கண்ட சித்தப்பா, “நாங்கள்தான் இந்தத் தீவின் ஆதிக்குடி, விஞ்ஞானமே சொல்லிவிட்டது” என்றார். கொழும்பிலிருக்கும் தம்பி, சிங்களவரும் நாங்களும் மரபணுவில் கலந்தவர்கள் என்று ஒரு செய்தியை அனுப்பினான். சித்தப்பா குழுவை விட்டே போய்விட்டார்.

மரபணு அடையாளங்களை வைத்து யார் முதலில் வந்தது என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம் படிப்பிக்கும் ஒரு சிநேகிதி சொன்னா, அங்கே வேடர் குடும்பங்களிடம் மாதிரி எடுக்க ஆய்வுக்காரர் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம். கொடுக்கலாமா என்று பெற்றோர் அவவிடம் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

ம., கோண்டாவில்

*

அன்புள்ள ம.,

சித்தப்பாவை முதலில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். தம்பி அனுப்பியதில் விஷயம் இருக்கிறது. சித்தப்பா சொன்னது மச்சாளின் அறிக்கையில் எங்கேயும் இல்லை.

‘தென்னிந்தியா, இலங்கை’ என்று சொல்வதற்கு அந்தப் பரிசோதனை நிறுவனங்கள் பழைய எலும்பு எதையும் எடுத்து வைத்து ஒப்பிடுவதில்லை. இன்று உயிரோடு இருப்பவர்களின் மாதிரிகளைத் திரட்டி, உங்களுடையது யாருடையதைப் போல இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ‘இலங்கை’ என்று வந்தால், தங்களை இலங்கையர் என்று சொன்ன சிலரோடு ஒத்துப்போகிறது என்று பொருள். எவ்வளவு காலமாக இலங்கை என்பதற்கு அதில் விடை கிடையாது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் பொதுத்தரவு ‘1000 ஜீனோம்’ திட்டம். 2015இல் வந்த அதன் இறுதித் தொகுப்பில் 26 சமூகங்களைச் சேர்ந்த 2504 பேர். அதில் இலங்கைத் தமிழர் 102 பேர். அத்தனை பேரின் மாதிரியும் எடுக்கப்பட்டது பிரித்தானியாவில். இங்கிருந்து விமானம் ஏற முடிந்தவர்கள் யார், முடியாமல் இருந்துவிட்டவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அடையாளங்கள் என்றால் என்ன? ஏ.எல். உயிரியலில் படித்த இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) ஞாபகமிருக்கும், உயிரணுவுக்குள் இருப்பது. அதற்குள் 16,569 எழுத்து நீளத்தில் ஒரு தனி டி.என்.ஏ இருக்கிறது. பழைய சீதனக் காணி மாதிரி அது தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று போகும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். தந்தைவழிக்கு, ஆண்களிடம் மட்டும் உள்ள வை நிறமூர்த்தம். பிரதியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிழைத்துவிட்டால் அந்தப் பிழை அப்படியே சந்ததிக்கு இறங்கும். ஒரே பிழையைச் சுமப்பவர்கள் ஒரே மூதாயின் வழி வந்தவர்கள். எம், ஆர், யு என்றெல்லாம் எழுத்துப் போட்டுச் சொல்லும் கிளைகள் இப்படிப் பிரித்தவைதான்.

இதை வைத்து நிறையச் சொல்லலாம். சொல்ல முடியாததும் நிறைய. பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1024 முன்னோர் இடங்கள். இழைமணி அதில் ஒருத்தியைப் பற்றிப் பேசும், வை நிறமூர்த்தம் ஒருவனைப் பற்றிப் பேசும். மீதி 1022 பேரைப் பற்றி இரண்டும் வாய் திறக்காது. மச்சாளுக்கு வை நிறமூர்த்தமும் இல்லை.

காலக்கணக்கு இதைவிடச் சிக்கல். எம் என்ற தாய்வழி தெற்காசியாவில் ஏறத்தாழ 50,000 ஆண்டு பழமையானது என்று படித்ததும், ‘அப்படியென்றால் நாங்கள் இங்கே 50,000 ஆண்டு’ என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கிளையின் வயது வேறு, அது ஓர் ஊருக்கு வந்து சேர்ந்த காலம் வேறு. ஒல்லாந்தர் காலத்தில் தஞ்சாவூர்க் கரையிலிருந்து அடிமையாகத் தோணியேற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணும் அதே பழைய கிளையைத்தான் சுமந்து வந்திருப்பாள். அவளுடைய பெண்வழிச் சந்ததியில் இன்றுள்ள ஒருத்தியைச் சோதித்தால் கிளையின் வயது தெரியும், தோணி வந்த ஆண்டு தெரியாது.

வேடருக்கு வருவோம். லங்கா ரணவீரவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் என்று 271 பேரின் இழைமணியைப் பார்த்தார்கள். வேடர் தனியே விலகி நின்றார்கள். மற்ற எல்லாரும், நீங்களும் நானும் சிங்களவரும், ஒருவருக்கொருவர் கிட்டக் கிட்ட. வேடருக்கு இந்திய வம்சாவளித் தமிழரைவிடச் சிங்களவரும் இலங்கைத் தமிழரும் சற்று நெருக்கம் என்றும் அதில் வந்தது. பிறகு 2024இல் இழைமணியோடு மற்ற நிறமூர்த்தங்களையும் பார்த்த இன்னோர் ஆய்வு, வேடருக்குள் சிங்களவரிடமிருந்தும் தமிழரிடமிருந்தும் வந்து கலந்தது குறைவு, இந்தியப் பழங்குடிகளோடு ஆழமான பழைய தொடர்பு இருக்கிறது என்றது. அதே ஆய்வு சிங்களவரும் இலங்கைத் தமிழரும் தங்களுக்குள் மிக அதிகமாகக் கலந்தவர்கள் என்றும் சொல்கிறது. தம்பி அனுப்பிய செய்தி இதையொட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

வேடர் ‘விலகி நிற்பது’ முழுக்கப் பழமையால்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலைந்து குடும்பம் உள்ள ஊரில் ஒரு தாய்க்கு ஆண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால் அவள் கிளை அங்கேயே முடிந்தது. பக்கத்து வீட்டுத் தாய்க்கு ஆறு பெண்கள் என்றால் அடுத்த தலைமுறையில் பாதி ஊர் அவள் கிளை. யாரும் எங்கிருந்தும் வராமலே சின்னச் சமூகங்கள் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப்போகும். காட்டையும் வேட்டையையும் இழந்து ஒரு குடி சுருங்கியதன் தடமும் அந்த ‘விலகல்’ என்ற எண்ணுக்குள் இருக்கிறது. அதைப் பெருமைக்குரிய தூய்மை என்று வாசிப்பது எனக்குக் கூசுகிறது.

தூய்மை என்றதும் இன்னொன்று. நம் ஊரில் மரபணுப் பேச்சு எழும்பினால் பத்து நிமிடத்தில் சாதியில் போய் நிற்கும். இந்தியத் துணைக்கண்டத்தின் 73 சமூகங்களைப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று, அங்கே பெருங்கலப்பு ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது, தங்கள் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான் என்று காட்டியது. எல்லாரும் கலந்து முடிந்த பிறகு கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

யார் முதலில் என்ற கேள்விக்குக் கிட்டப் போக வேண்டுமானால் எலும்பு வேண்டும், உயிரோடிருப்பவரின் எச்சில் போதாது. ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது ஈமக்குழியும் எலும்புக்கூடும் முத்திரையும் கிடைத்தன. தீவின் தென்மேற்கிலுள்ள பாகியங்கலைக் குகையில் 30,000 ஆண்டு தாண்டிய மனித எலும்புகள் இருக்கின்றன. ஆனால் வெக்கையும் ஈரமும் டி.என்.ஏயைத் தின்றுவிடும். ஹரியானாவிலுள்ள சிந்துவெளிக் கால நகரான ராக்கிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளை அலசி, கடைசியில் ஒரேயொரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது. அப்புறம், கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து இந்தத் தீவும் இந்தியாவும் ஒரே நிலமாகக் கிடந்தன. அன்றைக்கு மன்னாருக்கு நடந்து வந்தவனைப் பார்த்து ‘வந்தேறி’ என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

நான் எழுதியது வேடரைப் பற்றி. உங்கள் குழுவில் நடந்த சண்டையோ தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையில். வேடரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் பலர் அரசப் பதிவுகளில் தமிழர் என்றே எழுதப்படுகிறார்கள். ஆதிக்குடி என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

சிநேகிதியின் கேள்விதான் அவசரமானது. அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்றொரு சின்னப் பழங்குடி. அவர்களிடையே நீரிழிவு அதிகம். அதை ஆராய்வதாகச் சொல்லி 1990இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். அதே இரத்தத்தை மனச்சிதைவு, உறவுக்குள் மணம், அவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்த பாதை ஆகியவற்றுக்கும் பயன்படுத்தியது 2003இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் தாங்கள் தோன்றினோம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதை மறுக்கும் ஆய்வுக்குத் தங்கள் இரத்தமே போனது அவர்களைப் பெரிதும் காயப்படுத்தியது. வழக்குப் போட்டு 2010இல் 7 இலட்சம் டொலரும், மிஞ்சிய இரத்த மாதிரிகளும் திரும்ப வாங்கினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த கெனவிக் எலும்புக்கூடு தங்கள் முன்னோருடையது என்று அங்குள்ள பழங்குடிகள் கேட்டபோது விஞ்ஞானிகள் வழக்காடி மறித்தார்கள். 2015இல் டி.என்.ஏ பழங்குடிகள் பக்கம் பேசியது. 2017இல் எலும்புகளைத் திரும்பப் பெற்று அடக்கம் செய்தார்கள். அந்த ஒப்பீட்டுக்குக் கொல்வில் பழங்குடியினர் சிலர் தாங்களாக விரும்பி மாதிரி கொடுத்திருந்தார்கள்.

எனவே கொடு, கொடாதே என்று வாகரைக்காரருக்குச் சொல்ல நான் யார்? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லலாம். எதற்காக எடுக்கிறார்கள்? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினால் திரும்ப வந்து கேட்பார்களா? மாதிரி எந்த நாட்டில், யார் பொறுப்பில் இருக்கும்? பிறகு வேண்டாமென்றால் அழிப்பார்களா? முடிவை அச்சிடும் முன் ஊருக்கு வந்து தமிழில் சொல்வார்களா? தென்னாபிரிக்காவின் சான் மக்கள் 2017இல் ஆய்வாளருக்கென்று தாங்களே ஒரு நெறிக்கோவை எழுதிவைத்தார்கள். வருகிறவர்கள் அதற்கு உடன்பட வேண்டும். அதைப் போல ஒன்றை வாகரையிலும் எழுதலாம், ஆசிரியை உதவி செய்தால்.

சம்மதப் படிவத்தை மாதிரி எடுக்கும் நாளன்று நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கிழமை முன்னதாகத் தமிழ்ப் பிரதி கைக்கு வர வேண்டும். வந்தால் எனக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.